10.6-க்கு இரண்டு காரணங்கள்

கொடைக்கானலில் ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 10.6 கிராம் என்று ரிப்போர்ட் வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்: இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம், பீட்ரூட். பீட்ரூட்டின் சிவப்புக்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை என்பது வேறு கதை. மாத்திரை பெரும்பாலும் சரியான மருந்துதான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை; அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று இரும்புக் குறைவு. தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற காப்பித்தோட்டப் பகுதிகளில் செருப்பில்லாமல் ஈரமண்ணில் நடந்தால் கொக்கிப்புழு கால்வழியே ஏறி, குடலில் ரத்தத்தை உறிஞ்சி இரும்பைக் கரைக்கலாம். சாப்பிட்ட கையோடு குடிக்கும் டீயும் காப்பியும் உணவிலுள்ள இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஆனால் பீட்டா தாலசீமியா மரபணு ஒன்றை மட்டும் சுமப்பவருக்கும் அதே 10.6 வரலாம். அவருக்கு இரும்புப் பஞ்சம் இருக்க வேண்டியதில்லை. ஹீமோகுளோபினில் சேரும் பீட்டா குளோபினைச் செய்யும் இரண்டு மரபணுக்களில் ஒன்று பழுது, அவ்வளவே. இருவரையும் பிரித்துக்காட்டும் துப்பு ஹீமோகுளோபின் வரியில் இல்லை, அதற்குக் கீழே பலரும் படிக்காமல் விடும் வரிகளில் இருக்கிறது.

இரண்டு ரிப்போர்ட்டுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதாகக் கற்பனை செய்வோம். இரண்டிலும் 10.6. முதலாவதில் சிவப்பணு 45 லட்சம். ஓர் அணுவின் சராசரிப் பருமனான எம்சிவி 74. இரண்டாவதில் சிவப்பணு 56 லட்சம், எம்சிவி 62. இரும்பு தட்டுப்பட்டால் எலும்பு மஜ்ஜையின் உற்பத்தியே படுத்துவிடும். அணுக்கள் சிறுத்து, எண்ணிக்கையும் குறையும். இருப்பு கரையக் கரையப் பிறக்கும் அணுக்கள் முந்தியவற்றைவிடச் சிறியவை என்பதால் பெரிதும் சிறிதும் கலந்து, ஆர்டிடபிள்யூ என்ற அளவு ஏறும். தாலசீமியாவைச் சுமப்பவரிடம் எல்லா அணுக்களுக்கும் ஒரே அச்சு: ஒரே மாதிரி சிறியவை, ஆனால் ஏராளம். 1973-இல் மருத்துவர் மென்ட்சர் சொன்ன கணக்கு இதிலிருந்து வந்ததுதான். எம்சிவியைப் பத்து லட்சத்தில் சொன்ன சிவப்பணு எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். 13-க்கு மேல் என்றால் இரும்புக் குறைவு, கீழே என்றால் தாலசீமியா என்று சந்தேகிக்கலாம். நம் உதாரணத்தில் 16.4, 11.1.

வகுத்தலே போதுமே, எதற்கு மேற்கொண்டு செலவு என்று கேட்கலாம். அது சல்லடைதான், தீர்ப்பு அல்ல. ஒருவருக்கே இரண்டும் சேர்ந்திருந்தால் கணக்கு நடுவில் தொங்கும். கொடைக்கானலுக்கென்று தனியாக ஒரு சிக்கலும் உண்டு. சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் காற்றில் ஆக்சிஜன் அழுத்தம் குறைவு; உடம்பு சிவப்பணுவைக் கூட்டி ஈடுகட்டும். பெண்களுக்கு 12 கிராம் என்ற எல்லைக்கோடு சமவெளிக்குரியது. இங்கே ஏறக்குறைய 1 கிராம் கூட்டிப் பார்க்க வேண்டும். ஆகவே இங்கு வசிப்பவரின் 12.4 கூட மறைந்த சோகையாக இருக்கலாம். சிவப்பணு எண்ணிக்கையும் உயரத்தால் ஏறுவதால், எல்லையோரமாக வரும் விடை தாலசீமியா பக்கம் பொய்யாகச் சாயவும் கூடும் என்பது என் கணிப்பு.

உறுதிசெய்ய இரண்டு சோதனைகள். ஃபெரிட்டின் இரும்புக் கையிருப்பைச் சொல்லும். 15-க்குக் கீழே போனால் பஞ்சம் நிச்சயம். காய்ச்சலோ அழற்சியோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தளக்கும் எச்பிஎல்சி சோதனையில் ஏ2 என்ற வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தாலசீமியாவைச் சுமப்பவர் என்று கொள்ளலாம். இரும்புக் குறைவு இதைக் கீழே இழுக்கும் என்பதால், முதலில் இரும்பை நிரப்பிவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது. கர்ப்பிணிக்கு அப்படிக் காத்திருக்க நேரமில்லை. அவருக்கும் கணவருக்கும் உடனே பார்த்துவிட வேண்டும்.

மாத்திரையைக் கொடுத்துப் பார்ப்போம், கேட்காவிட்டால் யோசிப்போம் என்பது இன்னொரு வாதம். மூன்று மாதம் என்றால் சரி. வருடக்கணக்கில் ஓடினால் இரும்புதான் வீணாகச் சேரும், உண்மை தெரியாமலே கல்யாணமும் முடிந்துவிடும். சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் கடும் தாலசீமியாக் குழந்தைக்கு 25 சதவீத வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்துக்குள் பெண் கொடுத்து எடுக்கும் ஊரில் இது ஏட்டுக்கணக்கு அல்ல. தாலசீமியா வடக்கத்தி நோய் என்பாரும் உண்டு. சிந்தி, பஞ்சாபிச் சமூகங்களில் அதிகம் என்பது மெய்தான். ஆனால் அதே பீட்டா குளோபின் மரபணுவின் இன்னொரு பழுதான அரிவாளணு மரபை நீலகிரிப் பழங்குடியினரிடம் ஆய்வாளர்கள் லேமனும் கட்புஷும் 1952-லேயே கண்டார்கள். அதைச் சுமப்பவரும் பீட்டா தாலசீமியாவைச் சுமப்பவரும் மணந்தாலும் நோயுள்ள குழந்தை பிறக்கலாம். இரும்பு நிறைவாக, ஏ2-உம் சரியாக இருந்தும் அணுக்கள் சிறுத்தே நின்றால் ஆல்ஃபா குளோபின் மரபணு பழுதான ஆல்ஃபா தாலசீமியாவைச் சந்தேகிக்க வேண்டும். அதைப் பிடிக்க மரபணுச் சோதனைதான் வழி.