கோணம் தவறினால் விமானம் எழும்பாது

பெங்களூரில் ஜக்கூர் பக்கம் இலகுரக விமானம் பறப்பதைக் கண்டவர்கள் அதன் இறக்கையைத்தான் கவனித்திருப்பார்கள். ஆனால், அதை வானில் செலுத்துவது 'புரொப்பெல்லர்' என்னும் சுழல்விசிறி.

இத்தகைய விமானங்கள் பலவற்றில் பொருத்தப்படும் 80 குதிரைசக்தி ரோட்டாக்ஸ் 912 எஞ்சின் நிமிடத்துக்கு 5,800 சுற்றுவரை சுழலும். விசிறியும் அதே வேகத்தில் சுழன்றால் அதன் நுனி ஒலியின் வேகத்தைத் தாண்டிவிடும். இரைச்சல் பெருகும், இழுவிசை குறையும். ஆகவே பல்சக்கரப் பெட்டி அதைச் சுமார் 2,550 சுற்றாகக் குறைக்கிறது.

அடுத்தது விசிறி இதழின் கோணம். அது அதிகமானால், மேட்டில் டாப் கியரில் ஏறும் லாரிபோல எஞ்சின் திணறும்; ஓடுபாதை முடிந்தும் விமானம் எழும்பாமல் போகலாம். மிகக் குறைந்தால் எஞ்சின் வரம்பு மீறிச் சுழன்று பழுதாகும். குறுகிய ஓடுபாதைக்குச் சற்றுக் குறைந்த கோணமும், நெடும்பயணத்துக்குச் சற்று அதிகக் கோணமும் ஏற்றவை.

கோணத்தைத் திருத்துமுன் எஞ்சினை நிறுத்தி, சுவிட்சை அணைக்க வேண்டும். எல்லா இதழ்களையும் மையத்திலிருந்து ஒரே தூரத்தில் அளக்க வேண்டும். அரை டிகிரி வேறுபட்டாலும் அதிர்வு தோன்றலாம். பின்னர் விமானத்தைக் கட்டி நிறுத்தி, எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டிச் சுற்றுகளைச் சரிபார்க்க வேண்டும்.

இவ்வகை விசிறிகளில் பெரும்பாலானவற்றைத் தரையில்தான் திருத்த முடியும். கீழே காட்டும் பொறுமைதான் மேலே உயிரைக் காக்கிறது.