சிவப்பு வண்டியும் நீல வண்டியும்

ஹிஜ்ரி ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர் யாகூத் அல் ஹமவீ (ரஹ்) அவர்கள் மர்வ் நகரில் சுமார் மூன்று ஆண்டுகள் தங்கியிருந்தார்கள். இன்றைய துர்க்மெனிஸ்தானில் இடிபாடுகளாகக் கிடக்கும் ஊர் அது. தம்முடைய ‘முஃஜமுல் புல்தான்’ என்ற மாபெரும் ஊர் அகராதியில் மர்வைப் பற்றி எழுதும்போது, அங்கே மக்களுக்காக வக்ஃப் செய்யப்பட்ட பத்து நூலகங்கள் இருந்ததாகக் குறிப்பிடுகிறார்கள். ஜாமிஆ பள்ளிவாசலிலேயே இரண்டு இருந்தன. அதில் ஒன்றில் சுமார் 12,000 நூல்கள். அதை நிறுவியவர் சந்தையில் பழமும் வாசனைச் செடிகளும் விற்று வாழ்க்கையைத் தொடங்கியவர்.

அதைவிட நம் மனதைத் தொடுவது இன்னொரு செய்தி. யாகூத் அவர்களின் வீட்டில் எந்த நேரமும் இருநூறு நூல்கள் வரை இரவலாக இருக்குமாம். பெரும்பாலானவற்றுக்கு அடமானம் கேட்கப்படவில்லை. ஒரு நூல் ஒரு பொற்காசு பெறும் காலம் அது. இத்தனைக்கும் யாகூத் அவர்கள் சிறுவயதில் பக்தாதின் அடிமைச் சந்தையில் விலைக்கு வாங்கப்பட்டு, பின்னர் விடுதலை பெற்றவர்கள். வெளியூர்க்காரர், செல்வமும் இல்லை. ஆனாலும் நூலகத்தின் கதவு அவர்களுக்கு மூடப்படவில்லை. ஹிஜ்ரி 618இல் மங்கோலியர் மர்வை அழித்தபோது அந்த நூலகங்களும் போய்விட்டன.

மர்வ் பெரிய நகரம். பெரிய நகரத்தில் நூலகம் அமைவது எல்லாக் காலத்திலும் எளிது. செல்வந்தர்கள் இருப்பார்கள், வக்ஃப் இருக்கும், மாணவர்கள் கூடுவார்கள். இருபது வீடுகள் உள்ள ஒரு குக்கிராமத்துக்கு நூலை யார் கொண்டுபோய்க் கொடுப்பது? கல்வி தேடுவதை நகரவாசிகள்மீது மட்டும் நபி (ஸல்) அவர்கள் கடமையாக்கவில்லையே. இந்தக் கேள்விக்கு அமெரிக்கா என்ன பதில் கண்டது, அந்தப் பதிலில் எங்கே சறுக்கியது என்பதைத்தான் இக்கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

அங்கே மாநிலங்கள் ‘கவுண்டி’ என்ற சிறு நிர்வாகப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. ஏறத்தாழ நம் தாலுகா போல என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்த வரியும் சொந்த நிர்வாகமும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் மட்டும் 159 கவுண்டிகள். அதில் டாலியஃபெரோ என்ற கவுண்டியின் மக்கள்தொகை சுமார் 1,500தான். நம்மூரில் ஒரு நடுத்தர மஹல்லாவிலேயே அதைவிட அதிகமானோர் இருப்பார்கள். அந்த 1,500 பேர் கட்டும் வரியில் ஒரு கட்டடம், பயிற்சி பெற்ற ஒரு நூலகர், ஆண்டுதோறும் புதிய நூல்கள் என்பதெல்லாம் நடக்கிற காரியமா?

இதற்கு முதலில் வழி காட்டியவர்களில் ஒருவர் மேரி டிட்கோம் என்ற பெண்மணி. மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுன் நகரில் 1901இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் கவுண்டி நூலகத்தின் முதல் நூலகர். ‘கவுண்டி முழுவதற்குமான நூலகம்’ என்று பெயர் வைத்துவிட்டு நகரத்தாருக்கு மட்டும் நூல் கொடுத்தால் எப்படி என்று அவர் யோசித்தார். பெட்டிகளில் நூல்களை அடுக்கி, கிராமத்துக் கடைகளிலும் தபால் நிலையங்களிலும் வைத்தார். அதுவும் போதவில்லை. பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று தொலைவில் கிடந்தன. 1905இல் குதிரைகள் பூட்டிய ஒரு வண்டியில் அலமாரி அமைத்து, நூலகத்தின் காவலாளியையே வண்டியோட்டியாக்கி வீடு வீடாக அனுப்பினார். அமெரிக்காவின் முதல் நடமாடும் நூலகம் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

ஒரு வேடிக்கையும் நடந்தது. வண்டி கறுப்பு நிறத்தில் இருந்ததால் ஒரு வீட்டார் அதைப் பிண வண்டி என்று நினைத்து, ‘இங்கே யாரும் மௌத்தாகவில்லை, போங்கள்’ என்கிற பாணியில் விரட்டிவிட்டார்களாம்! அதன்பிறகு சக்கரங்களுக்கும் கதவுகளுக்கும் சிவப்புச் சாயம் பூசினார்கள். 1910இல் ரயில் மோதி அந்த வண்டி நொறுங்கியது. இரண்டு ஆண்டுகள் கழித்து மோட்டார் வண்டி வந்தது. (நம் மன்னார்குடியிலும் 1931இல் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அனுப்பினார். அது தனியாக எழுதப்பட வேண்டிய வரலாறு.)

பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் கென்டக்கி மலைப்பகுதியில் வண்டியும் போகமுடியாத இடங்களுக்கு, 1935 முதல் 1943 வரை, பெண்கள் குதிரையிலும் கோவேறு கழுதையிலும் நூல்களைச் சுமந்துசென்றார்கள். மாதச் சம்பளம் 28 டாலர். நூல்கள் போதாதபோது பழைய பத்திரிகைகளிலிருந்து சமையல் குறிப்புகளையும் படங்களையும் வெட்டி ஒட்டித் தாங்களே தொகுப்பேடுகள் செய்தார்கள்.

ஆனால் தனிமனிதர்களின் தியாகத்தை நம்பி எந்தச் சேவையும் நெடுநாள் ஓடாது. நம் ஜமாஅத்துகளில் ஆர்வமுள்ள ஒரு முதவல்லி இருக்கும்வரை நடக்கும் படிப்பகம், அவருக்குப் பின் பூட்டப்படுவதை நாம் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம். நிலையான தீர்வாக அமைந்தது வட்டார நூலக முறை. அக்கம்பக்கத்துச் சிறு கவுண்டிகள் மூன்றோ ஐந்தோ சேர்ந்து ஒரே நூலக அமைப்பாகின்றன. ஒவ்வொரு கவுண்டியும் தன் பங்குப் பணத்தைத் தருகிறது, ஆட்சிக் குழுவுக்குத் தன் பிரதிநிதிகளை அனுப்புகிறது. நிர்வாகி ஒருவரே. நூல் வாங்குவது, பட்டியலிடுவது, கணக்கு எழுதுவது எல்லாம் ஒரே இடத்தில். ஒவ்வொரு ஊருக்கும் கிளை உண்டு. உங்கள் கிளையில் இல்லாத நூல் அடுத்த கவுண்டியின் கிளையில் இருந்தால் வண்டியில் வந்து சேரும். ஜார்ஜியாவின் ஏதென்ஸ் வட்டார நூலகம் இப்படித்தான் ஐந்து கவுண்டிகளுக்குச் சேவை செய்கிறது.

மத்திய அரசும் கைகொடுத்தது. 1956இல் இயற்றப்பட்ட நூலகச் சேவைச் சட்டத்தின்படி, பத்தாயிரத்துக்கும் குறைவான மக்கள் வாழும் ஊர்களின் நூலக வசதிக்காக ஆண்டுக்கு 75 லட்சம் டாலர் வரை ஒதுக்க வழிசெய்யப்பட்டது. பிற்காலத்தில் ஜார்ஜியா இன்னும் ஒரு படி மேலே போய், 1999இல் ‘பைன்ஸ்’ என்ற பெயரில் மாநிலத்தின் பெரும்பாலான நூலகங்களை ஒரே உறுப்பினர் அட்டையில் இணைத்தது. அதற்குப் பொருத்தமான மென்பொருள் சந்தையில் கிடைக்காததால் தாங்களே ‘எவர்கிரீன்’ என்று ஒன்றை உருவாக்கி 2006இல் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அதை யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அறிவித்தார்கள். இன்று வேறு மாநிலங்களும் கனடாவின் நூலகங்களும்கூட அதைப் பயன்படுத்துகின்றன.

இதுவரை பாராட்டத்தக்க செய்திகள். இனி லூயிசியானாவுக்கு வருவோம்.

அங்கே கவுண்டியை ‘பாரிஷ்’ என்பார்கள். கிழக்கு ஃபெலிசியானா, மேற்கு ஃபெலிசியானா, செயின்ட் ஹெலினா ஆகிய மூன்று பாரிஷ்கள் சேர்ந்து ஆடுபான் வட்டார நூலகத்தை நடத்தின. மூன்று கிளைகள், இரண்டு நடமாடும் நூலக வண்டிகள். வண்டிகள் 33 பள்ளிகளுக்குப் போய்வந்தன. நாம் மேலே சொன்ன முறையின் நல்ல எடுத்துக்காட்டு என்றுதான் எவரும் சொல்வார்கள்.

ஆனால் வண்டிகளில் ஒன்று சிவப்பு, மற்றொன்று நீலம். சிவப்பு வண்டி வெள்ளையருக்கு மட்டும். நீல வண்டி கறுப்பருக்கு மட்டும். கறுப்பரின் உறுப்பினர் அட்டையில் அவருடைய இனம் முத்திரையாகக் குத்தப்பட்டிருக்கும். அந்த அட்டையை வைத்து நீல வண்டியில் மட்டும்தான் நூல் எடுக்கலாம்.

1964 மார்ச் 7, சனிக்கிழமை. ஹென்றி பிரவுன் என்ற கறுப்பின இளைஞரும் அவருடைய தோழர்கள் நால்வரும் கிளின்டன் ஊரிலிருந்த கிளைக்குள் நுழைந்தார்கள். பிரவுன் ஒரு நூலைக் கேட்டார். ஆர்னா பாண்டெம்ப்ஸ் என்ற கறுப்பின எழுத்தாளர் தம் மக்களின் வரலாற்றைச் சொல்லும் நூல் அது. நூலகப் பணியாளர் தேடிப் பார்த்தார். இங்கே இல்லை, மாநில நூலகத்திலிருந்து வரவழைக்கிறேன், வந்ததும் தகவல் சொல்கிறேன் என்றார். பிறகு வெளியே போகச் சொன்னார். அவர்கள் போகவில்லை. அந்த அறையில் பணியாளரின் இருக்கை போக ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. பிரவுன் அதில் உட்கார்ந்தார், மற்றவர்கள் அருகில் நின்றார்கள். சத்தமில்லை, வாக்குவாதமில்லை. சில நிமிடங்களில் ஷெரிஃப் வந்து ஐவரையும் கைது செய்தார். குற்றச்சாட்டு, பொது அமைதிக்குப் பங்கம். பிரவுனுக்கு 150 டாலர் அபராதம், கட்டத் தவறினால் 90 நாள் சிறை. மற்றவர்களுக்கு 35 டாலர் அல்லது 15 நாள்.

பிரவுன் கேட்ட நூல் பின்னர் தபாலில் அவருக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு குறிப்பு: படித்து முடித்ததும் தபாலில் அனுப்பலாம், அல்லது நீல வண்டியில் கொடுக்கலாம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 1966 பிப்ரவரி 23 அன்று ஐவருக்கும் எதிரான தண்டனை ரத்தானது. ஒன்பது நீதிபதிகளில் ஐந்து பேர் ஆதரவு, நான்கு பேர் எதிர்ப்பு. ஒரு நூலகத்தில் அமைதியாக அமர்வது குற்றமல்ல என்று சொல்வதற்கே ஒரு வாக்குதான் வித்தியாசம்!

இந்த வழக்கைப் படித்தபோது நம்மை அதிகம் உறுத்தியது ஷெரிஃப் அல்ல. கேட்ட நூலைத் தேடி, கேட்டபடியே அனுப்பியும் வைத்த அந்த நூலகத்தின் ஒழுங்குதான். வெள்ளையருக்குக் கறுப்பரைவிடச் சிறப்பு எதுவும் இல்லை, இறையச்சத்தால் மட்டுமே சிறப்பு என்று இறுதிப் பேருரையில் நபி (ஸல்) அவர்கள் அறிவித்ததை நாம் குத்பாக்களில் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அது நாற்காலிக்கும் பொருந்தும் என்பதை எத்தனை முறை யோசித்திருக்கிறோம்?

நம்மிடம் நீல வண்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நம் வீடுகளில் கொஞ்சம் விசாரித்துப் பாருங்கள். மகன் கிளை நூலகத்துக்குப் போய் போட்டித் தேர்வுக்குப் படிக்கிறான். மகளுக்கு என்ன நூல் வேண்டும் என்று கேட்டு அவன் எடுத்துவந்து கொடுக்கிறான். நூல் கிடைக்கிறது, உண்மைதான். அவள் அலமாரிகளின் நடுவே நின்று, தனக்குத் தெரியாத ஒரு நூலைத் தானாகக் கண்டெடுக்கும் வாய்ப்பு மட்டும் இல்லை. நம் மஹல்லா படிப்பகங்களில் பெண்களுக்கென்று தனி நேரமோ தனி இடமோ ஒதுக்கியிருப்பவை மிகக் குறைவு. ஹிஜாபைக் காரணம் காட்டுவோர் உண்டு. பேணுதலோடு தனி இருக்கை அமைப்பதற்கு எந்த ஆலிமும் தடை சொல்லப்போவதில்லை. தடை சொல்வது பெரும்பாலும் நம் சோம்பல்தான்.

இன்னொரு செய்தியும் குடும்பத் தலைவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்கக் கவுண்டிகள் பங்குப் பணம் சேர்ப்பது போல, நம் தமிழ்நாட்டிலும் 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் ஒவ்வொருவரும் நூலகத்துக்குப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். எஸ்.ஆர். ரங்கநாதன் அவர்களின் உழைப்பால் உருவான சட்டம் அது. சொத்து வரியில் ரூபாய்க்கு 10 காசு நூலக வரி. உள்ளாட்சி அமைப்பு வசூலித்து மாவட்ட நூலக ஆணைக்குழுவுக்குத் தருகிறது. மாவட்ட மைய நூலகம், கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதிநேர நூலகம் எல்லாம் அந்த அமைப்பின் கீழ்தான். மாவட்டம்தான் நம் ‘வட்டாரம்’. பள்ளிவாசல் தெருவில் இருப்பவர் கட்டும் 10 காசும் அக்ரஹாரத்தில் இருப்பவர் கட்டும் 10 காசும் ஒரே பெட்டியில்தான் விழுகின்றன. ஆகவே கிளை நூலகத்தில் நம் பிள்ளைகள் உட்காருவது யாருடைய தயவும் அல்ல.

பல ஊர்களில் ஊர்ப்புற நூலகத்துக்குச் சொந்தக் கட்டடம் இல்லை. இட வசதியுள்ள ஜமாஅத்துகள் வக்ஃப் விதிகளைச் சரிபார்த்து, ஓர் அறையைக் கொடுக்க முன்வந்தால் நம் பெண்பிள்ளைகள் நடந்துபோகும் தூரத்தில் நூலகம் அமையும். மாற்று மத அண்டை வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். வரட்டும், மர்வில் யாகூத் அவர்களிடம் அடமானம் கேட்கவில்லையே. நூலைப் பொதுவில் வைப்பது ஸதகத்துல் ஜாரியா என்பதை முதவல்லிகளுக்கு நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

இந்த வாரம் வீட்டு வரி ரசீதை எடுத்து அதில் நூலக வரி எவ்வளவு என்று பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். அஸர் தொழுகைக்குப் பின் மகனையும் மகளையும் அழைத்துக்கொண்டு உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்குப் போங்கள். உறுப்பினர் கட்டணம் மிகச் சிறிய தொகைதான். எத்தனை மணிக்குத் திறக்கிறார்கள், விடுமுறை என்றைக்கு, பெண்கள் அமர இடம் இருக்கிறதா என்று நூலகரிடம் கேளுங்கள். இல்லை என்று சொன்னால், ஜுமுஆவுக்குப் பிறகு ஜமாஅத் நிர்வாகிகளிடம் அதைச் சொல்லுங்கள்.