அலைக்கு ஆடி, மீனுக்கு ஆவணி

மும்பையில் மழை பிடித்ததும் அலை பார்க்கக் கிளம்பும் கூட்டம் மரின் டிரைவுக்கும் பாந்த்ரா பேண்ட்ஸ்டாண்டுக்கும் போகிறது. வசதி உள்ளவர்கள் முருட், ஹரிஹரேஷ்வர் என்று கொங்கணக் கரைக்குக் காரை எடுக்கிறார்கள். தமிழர் அதிகம் வாழும் மாட்டுங்காவுக்கும் தாராவிக்கும் சில கிலோமீட்டர் தள்ளி வர்லி கோலிவாடா என்ற மீனவக் கிராமம் இருப்பது பலருக்கு நினைவுக்கே வருவதில்லை. மூன்று பக்கமும் கடல், கரும்பாறை, 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் கட்டிய சிறு கோட்டை, எதிரில் ஆள் வந்தால் ஒதுங்கி வழிவிட வேண்டிய சந்துகள் என்று கடலோர கிராமத்துக்கு உரிய எல்லாமே நகரத்துக்குள் இருக்கின்றன. தாராளமாகப் போகலாம். ஆனால் நம் விடுமுறைக் கணக்கை விட்டுவிட்டு, அந்த மீனவர்களின் கணக்குப்படி போகவேண்டும்.

மகாராஷ்டிரக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகள் மீன் பிடிக்கத் தடை. தமிழகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இருக்கும் அதே 61 நாள் தடைதான். மீன் இனப்பெருக்கம் ஒரு காரணம். தென்மேற்குக் காற்று நேராகக் கரையில் வந்து அறையும்போது படகு இறக்குவதே உயிருக்கு ஆபத்து என்பது இன்னொன்று. ஆக, அலை ஆளுயரம் எழும் நாட்களில்தான் கோலிவாடாவில் படகுகள் கரையேறிக் கிடக்கும். அப்போது ஓட்டல் தட்டில் வரும் வவ்வால் மீன் பெரும்பாலும் குளிர்பதனக் கிடங்கிலிருந்தோ வேறு கரையிலிருந்தோ வந்ததாகவே இருக்கும். மழைக்கால ருசி கருவாட்டில்தான் இருக்கிறது. பனிக்காலத்திலும் வெயில் காலத்திலும் பொம்பில் மீனை இரண்டிரண்டாக வாயோடு வாய் கோத்து, வரிசையாகக் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். மழை மாதங்களில் குழம்புக்கு அதுவும் சென்னாக்கூனியும்தான் கைகொடுக்கும். பிறகு நாரளி பூர்ணிமா வரும். மாட்டுங்காவில் ஆவணி அவிட்டம் கொண்டாடும் அதே பௌர்ணமி. கடலுக்குத் தேங்காய் படைத்த பிறகே பலர் படகை இறக்குவார்கள். பச்சைப் பொம்பிலை அப்போது சாப்பிட வேண்டும்: நீர்ச்சத்து மிகுந்த மீன், பிளந்து, பாரம் வைத்து நீரை வடித்து, ரவையில் புரட்டிப் பொரித்தால் மேலே மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்.

அலை பார்க்கப் போய் உயிரை விடுகிறார்களே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்தச் செய்திகளில் வருபவர்கள் பெரும்பாலும் படமெடுக்கப் பாறையில் இறங்கியவர்கள். மழைக்கு முன்பே மாநகராட்சி, கடல்மட்டம் 4.5 மீட்டரைத் தாண்டும் நாட்களின் பட்டியலை வெளியிடுகிறது. அதைப் பார்த்துவிட்டு, பாறையில் கால் வைக்காமல் கரைமேல் தள்ளி நின்றால் போதும். புயல் வேறு விஷயம். 2021 மே 17 அன்று டவ்தே புயலின்போது கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. அப்படிப்பட்ட நாளில் வேடிக்கைக்கு இடமில்லை, வீட்டில்தான் இருக்கவேண்டும்.

மீனவர் வாழ்க்கை காட்சிப்பொருளா என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. வாசலில் நின்று வீட்டுக்குள் கேமராவை நீட்டுவது அநாகரிகம், சந்தேகமில்லை. ஆனால் யாருமே எட்டிப் பார்க்காத ஊரின் குரல் எளிதில் அமுங்கிப்போகும். கடற்கரைச் சாலைப் பாலத்தின் தூண்களுக்கிடையே 60 மீட்டர் இடைவெளியில் படகு ஓட்ட முடியாது என்று வர்லி மீனவர்கள் போராடிய பிறகே, 2022 இறுதியில் அது 120 மீட்டர் ஆனது. கடலை அறிந்தவர்கள் என்று அவர்களை மதித்துப் போகிறவர், அவர்கள் பக்கம் நிற்கவும் வாய்ப்புண்டு. தாராவியும் ஒருகாலத்தில் பெரிய கோலிவாடாவாக இருந்ததுதான். மாஹிம் கழிமுகம் தூர்ந்தும் தூர்க்கப்பட்டும் போனதில் அங்கே மீன்பிடித் தொழில் அழிந்தது. வர்லிக்கும் அந்தக் கதி வரக்கூடாது. இந்த ஆடியில் போகிறவர்கள், படகு ஓடாத மாதம் அது என்பதை நினைவில் வைத்து, அங்குள்ள பெண்களிடம் பேரம் பேசாமல் கருவாடு வாங்கிவாருங்கள்.