சின்னஞ்சிறு திரைக்குள் அடங்கியவை: ஐபேட் மினியும் அதன் துணைக்கருவிகளும்

2024 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட ஐபேட் மினி, 8.3 அங்குலத் திரையும் 6.3 மில்லிமீட்டர் தடிமனும் 293 கிராம் எடையும் கொண்ட, ஒரு கையில் அடங்கிவிடும் டேப்லெட் கணினி. பெட்டியிலிருந்து எடுத்துப் பார்ப்பவரின் கண்ணுக்கு ஒரு திரையும், மேல் விளிம்பில் மூன்று பொத்தான்களும், கீழே ஒரு துளையும், முன்னும் பின்னும் ஒவ்வொரு கேமராவும் மட்டுமே தென்படுகின்றன; எந்த வசதி எங்கே இருக்கிறது என்று விளக்கும் தடித்த கையேடு எதுவும் உடன் வருவதில்லை. ஆகவே, வாங்கிய அன்றே மேலுறை, எழுதுகோல், விசைப்பலகை, ஹப் என்று துணைக்கருவிகளையும் சேர்த்து வாங்குவோர் பலர், கருவிக்குள் ஏற்கெனவே இருப்பது இன்னதென்று அறியாமலேயே செலவு செய்துவிடுகிறார்கள். உள்ளே இருப்பதை முதலில் தேடிக் கண்டு, அதன் பிறகும் எஞ்சி நிற்கும் தேவைக்கு மட்டும் துணைக்கருவியைத் தேர்வதே சிக்கனமான வழி. தேர்ந்தெடுக்கும்போதும் அது இந்த மாதிரியோடு பொருந்துமா என்பதை உறுதிசெய்துகொள்வது இன்றியமையாதது.

இந்த அளவே ஒரு காலத்தில் விவாதத்துக்கு உரியதாக இருந்தது. 2010 அக்டோபரில், ஏழு அங்குல டேப்லெட்டுகள் சந்தைக்கு வரத் தொடங்கிய வேளையில், ஆப்பிளின் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ் அவற்றை வெளிப்படையாகவே நிராகரித்தார். திரை அத்தனை சிறிதானால் பயன்படுத்துவோர் தம் விரல்களை உப்புத்தாளால் தேய்த்துக் கூராக்கிக்கொள்ள வேண்டியிருக்கும் என்பது அவர் கருத்து. ஆனால் 2011இல் அமேசானின் கிண்டில் ஃபயரும், 2012இல் கூகுளின் நெக்ஸஸ் 7உம் 199 டாலர் விலையில் வந்து வரவேற்பைப் பெற்றதும், 2012 அக்டோபர் 23 அன்று ஆப்பிளே 7.9 அங்குலத்தில் முதல் ஐபேட் மினியை அறிமுகப்படுத்தியது. திரையின் அளவாகச் சொல்லப்படும் அங்குலம், ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்குக் குறுக்காக அளக்கப்படுவது என்பதால், அந்த எண்ணில் சிறிதாகத் தோன்றும் வேறுபாடு பரப்பளவில் பெரிதாகிவிடுகிறது, 9.7 அங்குல ஐபேடோடு ஒப்பிட்டால் முதல் மினியின் திரைப்பரப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். ஆயினும் 1024க்கு 768 என்ற அதே எண்ணிக்கையில் படப்புள்ளிகளை, அதாவது திரையில் உருவங்களை உண்டாக்கும் நுண்ணிய ஒளிப்புள்ளிகளை, அதில் அமைத்திருந்ததால், பெரிய ஐபேடுக்கென எழுதப்பட்ட செயலிகள் எல்லாம் எந்த மாற்றமும் இன்றி அதிலும் இயங்கின. விமானிகள் தொடையில் கட்டிக்கொண்டு வரைபடம் பார்க்கவும், மருத்துவர்கள் வெள்ளை அங்கியின் பையில் வைத்துக்கொள்ளவும் இந்த அளவு வசதியாக இருப்பது பின்னர் தெரியவந்தது.

இன்றைய மினியின் மேல் விளிம்பைச் சற்று நிதானமாகக் கவனிக்கலாம். வலப்பக்கம் இருக்கும் பொத்தான் கருவியை உறங்கவைத்து எழுப்புவதோடு, பயனரின் விரல்ரேகையைப் படித்துப் பூட்டைத் திறக்கும் உணரியாகவும் செயல்படுகிறது. ஒலியைக் கூட்டவும் குறைக்கவுமான இரண்டு பொத்தான்கள் முந்தைய மினிகளில் பக்கவாட்டில் இருந்தன. 2021ஆம் ஆண்டு மாதிரியில், எழுதுகோலைக் காந்தத்தால் ஒட்டவைத்து மின்னேற்றுவதற்குப் பக்கவிளிம்பு தேவைப்பட்டதால் அவை மேலே ஏறின. இந்த இடமாற்றத்தோடு ஒரு நுட்பமும் சேர்ந்தது. கருவியை நிமிர்த்திப் பிடித்தாலும், எந்தப் பக்கமாகப் படுக்கவைத்துப் பிடித்தாலும், அந்நேரத்தில் வலப்புறமாகவோ மேற்புறமாகவோ அமையும் பொத்தானே ஒலியைக் கூட்டும்படி, இரண்டு பொத்தான்களும் தம் வேலையைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. இது தெரியாத ஒருவர், நேற்று ஒலியைக் கூட்டிய பொத்தான் இன்று குறைப்பதைக் கண்டு கருவி பழுதாகிவிட்டதென எண்ணக்கூடும்; மாறாத இடமே வேண்டும் என்போர் அமைப்புகளில் ஒலிக்கான பகுதிக்குச் சென்று அதை நிலைப்படுத்திக்கொள்ளலாம். முன்பக்கக் கேமரா திரையின் குறுகிய விளிம்பில் இருப்பதால், கருவியைப் படுக்கவைத்துக் காணொளியில் பேசும்போது பேசுபவரின் பார்வை ஓரமாகச் சாய்ந்தது போல் எதிர்முனையில் தெரியும் என்பதும், நிமிர்த்திப் பிடித்தால் அது சரியாகிவிடும் என்பதும் இங்கேயே குறிப்பிடத்தக்கவை.

கண்ணுக்குத் தெரியாத காந்தங்கள் உடலுக்குள் பல இடங்களில் பதிக்கப்பட்டுள்ளன. முதுகில் ஒட்டிக்கொள்ளும் மடிப்புறையை மூடினால் திரை அணைந்து, திறந்தால் விழிப்பது உறையிலுள்ள காந்தங்களாலும், அவற்றின் காந்தப்புலத்தை அறியும் கருவியின் உணரியாலும் நிகழ்கிறது. மென்பொருளிலும் இப்படி மறைந்திருக்கும் வசதிகள் உண்டு. எழுத்து வரிகளுக்கு நடுவே பிழை திருத்த விரும்புவோர், திரை விசைப்பலகையின் இடைவெளி விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு விரலை நகர்த்தினால், எழுத்திடத்தைக் காட்டும் சுட்டி விரலோடு சேர்ந்து நகர்ந்து, வேண்டிய எழுத்தின் அருகே துல்லியமாக நிற்கும். இரண்டு விரல்களால் விசைப்பலகையைக் கிள்ளுவது போல் குறுக்கினால் அது சிறிதாகி, திரையில் எங்கு வேண்டுமானாலும் இழுத்து வைக்கத்தக்க மிதக்கும் பலகையாகிவிடும்; ஒரு கையால் கருவியைப் பிடித்து மறு கையின் கட்டைவிரலால் தட்டச்சு செய்வதற்கு இது பெரிதும் உதவுகிறது. திரையின் கீழ் வலமூலையிலிருந்து விரலை உள்நோக்கி இழுத்தால், படித்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மீதே ஒரு சிறு குறிப்பேடு திறக்கும்.

குழந்தைகள் உள்ள வீடுகளில் உடனே அறிந்துகொள்ள வேண்டியது கைடட் ஆக்சஸ் எனும் வசதி. அமைப்புகளில் ‘அணுகல்தன்மை’ என்ற பகுதியில் இதை இயக்கிவைத்து, ஒரு செயலியைத் திறந்த பின் மேற்பொத்தானை மூன்று முறை அழுத்தினால், கடவுச்சொல்லோ பெரியவரின் விரல்ரேகையோ இன்றி அந்தச் செயலியை விட்டு எவரும் வெளியேற முடியாது. திரையில் சில பகுதிகளை விரலால் வட்டமிட்டு அங்கே தொட்டால் பலிக்காதபடியும், குறிப்பிட்ட நேரம் முடிந்ததும் செயலி தானே நின்றுவிடும்படியும் செய்துவிடலாம். இத்தனை பயனுள்ள ஒன்று முகப்பில் இடம்பெறாமல் பட்டியலின் அடியாழத்தில் இருப்பது வருந்தத்தக்கது.

தமிழில் எழுதுவோருக்கு வெளியிலிருந்து எந்தச் செயலியும் தேவையில்லை. 2013இல் வந்த ஐஓஎஸ் 7 முதலே அஞ்சல், தமிழ் 99 ஆகிய இரண்டு விசைமுகங்களும் ஆப்பிள் கருவிகளில் உடன்வருவனவாக உள்ளன. அவற்றோடு வரும் தமிழ் எழுத்துருக்களில் ஒன்றான தமிழ் சங்கம் எம்என்னின் பெயரில் உள்ள இறுதி இரண்டு எழுத்துகள், அதை வடிவமைத்த மலேசியத் தமிழர் முத்து நெடுமாறனின் பெயர்ச்சுருக்கம். அஞ்சல் முறை, சொல்லின் ஒலிப்பை ஒட்டி ஆங்கில எழுத்துகளில் தட்ட அது தமிழாக மாறுவது. தமிழ் 99, 1999இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டையொட்டித் தமிழக அரசு தரப்படுத்தியது. உயிரெழுத்துகள் இடப்பக்கமும் மெய்யெழுத்துகள் வலப்பக்கமுமாகப் பிரிந்து, 31 விசைகளிலேயே 247 எழுத்துகளையும் எழுதவைப்பது. ஒரே மெய்யெழுத்தின் விசையை இருமுறை தட்டினால் முதலாவதற்குப் புள்ளி தானே விழுவது போன்ற விதிகள் இதில் இருப்பதால், பழகியபின் ‘பக்கம்’, ‘அச்சம்’ போன்ற சொற்களைக் குறைந்த தட்டல்களில் எழுதிவிடலாம். சிறிய திரையில் விசைகள் நெருங்கி இருப்பதால், தட்டல் குறைவது பிழையும் குறைவதாகும். நீண்ட நாள் எழுதப்போகிறவர் இந்த விசைமுகத்தைக் கற்றுக்கொள்ளச் செலவிடும் சில வாரங்கள் வீண்போகாதவை.

துணைக்கருவிகளில் மிகுந்த குழப்பத்துக்கு இடம் தருவது எழுதுகோல்தான். 2019ஆம் ஆண்டு மினி, முதல் தலைமுறை ஆப்பிள் பென்சிலை மட்டும் ஏற்றது. 2021ஆம் ஆண்டு மினி இரண்டாம் தலைமுறைப் பென்சிலை ஏற்றது. 2024ஆம் ஆண்டு மினியோ பென்சில் புரோவையும், யூஎஸ்பி-சி பென்சில் எனப்படும் மலிவான வகையையும் ஏற்கிறதே தவிர, இரண்டாம் தலைமுறையை ஏற்பதில்லை. 2021, 2024 மாதிரிகள் இரண்டும் நீளம், அகலம், தடிமன் எல்லாவற்றிலும் ஒன்றே போல் இருப்பதால், முன்னதற்கு வாங்கிய பென்சில் பின்னதற்கும் உதவும் என எவரும் எண்ணுவது இயல்பு. ஆனால் அது இந்தக் கருவியோடு இணைவதே இல்லை. பழைய மினியிலிருந்து புதியதற்கு மாறுபவர், பென்சிலுக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டியிருக்கும் என்பதை விற்பனைக் கூடத்தில் எவரும் வலிந்து சொல்லாவிட்டாலும் அறிந்திருக்க வேண்டும்.

இப்போது கிடைக்கும் இரண்டிலும் எதைத் தேர்வது என்பது செய்யும் வேலையைப் பொறுத்தது. பென்சில் புரோ, நுனியில் உள்ள அழுத்த உணரியால் கை எவ்வளவு அழுத்துகிறது என்பதை அளந்து அதற்கேற்பக் கோட்டைத் தடிப்பாக்கவும் மெல்லியதாக்கவும் செய்கிறது. தண்டைப் பிடித்து அமுக்கினால் கருவிப்பட்டியலைத் திறக்கிறது. சுழற்றினால் தட்டைத் தூரிகையின் முனை திரும்புவது போலத் திரையில் கோட்டின் சாய்வும் திரும்புகிறது. பக்கவிளிம்பில் ஒட்டவைத்தாலே மின்னேற்றம் பெறுகிறது. யூஎஸ்பி-சி பென்சிலில் அழுத்த உணரி கிடையாது. விளிம்பில் ஒட்டிக்கொள்ளுமே அன்றி அங்கே மின்னேற்றம் பெறாது, கேபிள் வழியாகத்தான் பெறும். இந்தியாவில் மினி அறிமுகமானபோது அதன் தொடக்க விலை 49,900 ரூபாய், பென்சில் புரோ 11,900 ரூபாய், மற்றது 7,900 ரூபாய். ஓவியம் வரைபவருக்கும் கையெழுத்துக் கலையில் ஈடுபடுபவருக்கும் அழுத்த உணரி இன்றியமையாதது. வகுப்பில் குறிப்பெடுக்கவும், ஆவணங்களின் ஓரத்தில் திருத்தம் எழுதவும் மட்டும் விரும்புபவருக்கு அது தேவைப்படாத செலவு.

கீழ் விளிம்பிலுள்ள யூஎஸ்பி-சி துளையே இந்தக் கருவியின் மிகப் பெரிய வாயில். எப்படித் திருப்பிச் செருகினாலும் பொருந்தும் 24 முனைகள் கொண்ட இந்த வடிவம், தரவு, மின்சாரம், திரைக்காட்சி ஆகிய மூன்றையும் ஒரே வழியில் கடத்தவல்லது. பென் டிரைவ், கேமராவின் நினைவக அட்டையைப் படிக்கும் கார்டு ரீடர், இசைப்பதிவுக் கருவிகள், கம்பிவழி இணையம், 4கே தொலைக்காட்சி என்று பலவற்றையும் இதன்வழி இணைக்கலாம். ஆனால் துளையின் வடிவம் ஒன்றாக இருப்பதால் கேபிள்களும் ஒன்றே என்று கருதுவது பெரும்பாலோர் செய்யும் தவறு. 2024 மினியின் துளை நொடிக்கு 10 கிகாபிட் வேகம் வரை தரவைக் கடத்தும். பெட்டியோடு வரும் கேபிளோ மின்னேற்றத்துக்கென அமைந்தது, தரவு வேகத்தில் யூஎஸ்பி 2 எனப்படும் பழைய தரத்தின் 480 மெகாபிட்டைத் தாண்டாது. எட்டு பிட்டுகள் சேர்ந்ததே ஒரு பைட் என்பதால், 20 கிகாபைட் அளவுள்ள காணொளிகளை மாற்றுவதற்கு, ஏட்டுக் கணக்குப்படியே வேகமான கேபிளுக்குப் பதினாறு நொடியும் பெட்டிக் கேபிளுக்கு ஐந்தரை நிமிடமும் ஆகும். நடைமுறையில் இரண்டும் இன்னும் கூடுதலாகும் என்றாலும், அவற்றுக்கிடையிலான இடைவெளி பெரிதாகவே இருக்கும். ஆகவே பெரிய கோப்புகளைக் கையாள்பவருக்கு, வேகம் அச்சிடப்பட்ட ஒரு நல்ல கேபிள் முதல் துணைக்கருவியாக அமையத் தக்கது. சுழலும் தட்டுகள் கொண்ட பழைய வகை ஹார்டு டிஸ்க் இயங்காமல் போனால், பழுது அதில் இருக்க வேண்டும் என்பதில்லை. மினி தரும் மின்சாரம் அதற்குப் போதாமல் இருக்கலாம், தனியாக மின்னிணைப்புப் பெறும் ஹப் வழியாக இணைத்தால் அது இயங்கிவிடும்.

ஹெட்போன் துளை 2019 மாதிரியோடு நின்றுவிட்டது. கம்பி ஹெட்போன் வைத்திருப்போர் வாங்கும் மாற்றுக் கம்பிக்குள், எண்வடிவத் தரவைக் காதுக்கு எட்டும் ஒலியலையாக மாற்றும் சிறு மின்சுற்று இருக்க வேண்டும். அது இல்லாத மலிவான மாற்றுக் கம்பிகள் சில ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ஒலித்தாலும் இதில் மௌனமாகவே இருக்கும். பெரிய ஐபேடுகளில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டு உடனே இயங்கும் விசைப்பலகைக்கான தொடர்பு முனைகள் மினியில் இல்லாததால், புளூடூத் விசைப்பலகையே வசதியான வழி. கருவியின் அகலத்துக்கேற்பக் குறுக்கப்பட்டவற்றில் விரல்கள் இடறுவதால், முழு அளவுப் பலகையையும் தனியாக ஒரு தாங்கியையும் பயன்படுத்துவது மேல்.

எந்தத் துணைக்கருவியாலும் பின்னர் சேர்க்க முடியாதவற்றை வாங்கும் நாளிலேயே முடிவு செய்தாக வேண்டும். நினைவக அட்டை செருகும் இடம் இல்லாததால் 128, 256, 512 கிகாபைட் என்ற தேர்வு மாற்ற முடியாதது. அதைவிடப் பலரும் அறியாதது, செயற்கைக்கோள்களிடமிருந்து இருப்பிடத்தை அறியும் ஜிபிஎஸ் உணரி, கைப்பேசி இணைப்புள்ள மாதிரியில் மட்டுமே உண்டு என்பது. வைஃபை மட்டும் உள்ள மாதிரி, அருகிலுள்ள வைஃபை நிலையங்களைக் கொண்டே இடத்தை அனுமானிப்பதால், நெடுஞ்சாலையில் காரில் வழிகாட்டியாக அதை நம்ப இயலாது. கைப்பேசி இணைப்புள்ள மாதிரியிலும் சிம் அட்டை நுழைக்கும் துளை நீக்கப்பட்டு, மென்பொருள் வழியே பதிவாகும் இசிம் மட்டுமே இருப்பதால், தம் தொலைத்தொடர்பு நிறுவனம் ஐபேடுக்கு இசிம் வழங்குகிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மின்னேற்றத்தை 80 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இந்த மாதிரியின் பேட்டரி அமைப்புகளில் உள்ளது. முழு மின்னேற்றத்தில் நெடுநேரம் இருப்பது லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைக்கும் என்பதால், மேசையில் எப்போதும் சார்ஜரோடு இணைத்தே வைத்திருப்பவர்கள் அதை முதல் நாளே இயக்கிவைக்கலாம். பயணத்துக்கு முந்தைய இரவில் மட்டும் அதை நீக்கிக்கொண்டால் போதும்.