கடை மாடியில் சீட்டாட்டம்: இடம் கொடுத்தவர் மீதும் வழக்கு வரும்

நல்லம்பள்ளியில் செவ்வாய்ச் சந்தை கூடும் நாளில், தெரிந்தவர்கள் நாலு பேர் வந்து, "மாடி அறையைக் கொஞ்ச நேரம் கொடுங்கள்" என்று கேட்டால் மறுப்பது சிரமந்தான். "நான் சீட்டைத் தொடவில்லையே, எனக்கென்ன வரும்?" என்று எண்ணிச் சாவியைக் கொடுக்கும் வணிகர் இந்தச் சட்டத்தை அறிந்திருப்பது நல்லது.

1930-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சூதாட்டச் சட்டம், 8-ஆவது பிரிவில், சூதாட்ட இடத்தை நடத்துபவரை மட்டும் குற்றவாளி என்று சொல்லவில்லை. அதற்குத் தம் இடத்தைப் பயன்படுத்த அனுமதிப்பவரும், அங்கே ஆடுவதற்குப் பணம் கொடுத்து உதவுபவரும் குற்றவாளிகளே. ஆகவே கல்லாவிலிருந்து கைமாற்றுக் கொடுப்பதும் ஆபத்து. வீடு, அறை, கூடாரம், வாகனம் எதுவானாலும் இச்சட்டத்திற்கு உட்பட்டதே. அறை வாடகை, சீட்டுக்கட்டுக்குக் கட்டணம், ஆட்டத்துக்கு இவ்வளவு என்று கமிஷன், எந்தப் பெயரில் இலாபம் பெற்றாலும் ஒன்றுதான்.

வாரண்டுடன் போலீசார் சோதனையிடும்போது சீட்டுக்கட்டோ தாயக்கட்டையோ அகப்பட்டால், ஆட்டத்தை அவர்கள் கண்ணால் பார்க்காவிட்டாலும், அதுவே சூதாட்ட இடம் என்பதற்குச் சாட்சியம் (6-ஆவது பிரிவு). பணம் வைத்து ஆடியதை நிரூபிக்க வேண்டிய அவசியமும் இல்லை (7-ஆவது பிரிவு). அப்படியல்ல என்று விளக்கும் பாரம் நம் தலையில் விழும்.

"ரம்மி திறமை ஆட்டந்தானே?" என்று சிலர் கேட்பர். திறமை மட்டுமே உள்ள ஆட்டங்களுக்கு 11-ஆவது பிரிவு விலக்கு அளிப்பது உண்மை. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது என்று 1967-இல் உச்சநீதிமன்றம் கூறியதும் உண்மை. ஆனால், பந்தயம் கட்டி ஆடும் ரம்மியிலிருந்து இடத்துக்காரர் இலாபம் பெற்றால் குற்றமாகலாம் என்று அதே தீர்ப்பு எச்சரித்துள்ளது. மங்காத்தாவுக்கு இந்த விலக்கும் கிடையாது.

ஆகவே வணிகப் பெருமக்கள் கவனிக்க வேண்டியவை:

1. கடை, கிடங்கு, மாடி எதை வாடகைக்கு விட்டாலும், "சூதாட்டத்திற்குப் பயன்படுத்தக் கூடாது; மீறினால் காலி செய்ய வேண்டும்" என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

2. கிடங்குச் சாவியை வேலையாட்கள் பிறரிடம் கொடுக்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லுங்கள்.

3. ஆட்டம் நடப்பது தெரிந்தால் சும்மா இருக்காதீர்கள். குடியிருப்பவருக்கு எழுத்து மூலம் நோட்டீஸ் கொடுங்கள். காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து ரசீது பெற்றுப் பத்திரப்படுத்துங்கள். நீங்கள் அனுமதிக்கவில்லை என்பதற்கு நாளை அந்த ரசீது உதவும்.