நின்ற வேனுக்குக் கீழே கேட்ட சத்தம்

கல்முனையில் எங்கள் பெண்கள் கூட்டத்துக்கு ஆட்களை ஏற்றி வந்த வேன் வாசலில் நின்றது. டிரைவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். சற்று நேரத்தில் வேனின் அடியிலிருந்து ‘டிக்... டிக்...’ என்று சத்தம் வந்தது. அருகில் நின்ற ராத்தா ஒருவர் மகளை இழுத்துக்கொண்டு வீதியின் மறுபக்கம் ஓடினார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆளில்லாத வண்டியைக் கண்டால் விலகிப் போகப் பழகியவர்கள் நாம். 2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. ஆனால் 2019 ஏப்ரல் 26 இரவு சாய்ந்தமருதில் கேட்ட வெடிச்சத்தம் பழைய பயத்தை மீண்டும் கிளறிவிட்டது.

சகோதரிகளே, அந்த ‘டிக்’ சத்தத்தின் காரணம் மிக எளிது. வண்டி ஓடும்போது எஞ்சினின் சூடான புகை சைலன்சர் குழாய் வழியே வெளியேறுகிறது. சூட்டில் குழாய் நீளும். ஒரு மீற்றர் இரும்புக் குழாய் 100 பாகை செல்சியஸ் சூடேறினால் ஏறத்தாழ 1.2 மில்லிமீற்றர் நீளும். எஞ்சின் நின்றதும் அது ஆறிச் சுருங்கும். மெல்லிய தகடு சீக்கிரமாகவும் தடித்த பாகம் மெதுவாகவும் ஆறுவதால், பொருத்துகள் இறுகி நின்று சட்டென்று வழுக்கும். அதுதான் ‘டிக்’.

2004 சுனாமிக்குப் பின் தகரக் கொட்டில்களில் இருந்தவர்களுக்கு இது தெரியும். பகல் வெயிலில் காய்ந்த தகரம் மஃரிப் நேரம் ‘டக் டக்’ என்று அடிக்குமல்லவா? காரணம் ஒன்றுதான்.

சில வண்டிகளில் எஞ்சின் நின்ற பிறகும் விசிறி சில நிமிடம் சுற்றும். ஏசி போட்டு வந்தால் தண்ணீர் சொட்டும். இவற்றுக்குப் பயப்பட வேண்டாம். பெற்றோல் மணத்தாலோ ‘உஸ்’ என்று ஆவி வந்தாலோ மெக்கானிக்கிடம் காட்டுங்கள். சூடாக இருக்கும்போது றேடியேற்றர் மூடியைத் திறக்க வேண்டாம். பிள்ளைகளைச் சைலன்சரைத் தொட விடாதீர்கள். யாருடையதென்று தெரியாத வண்டி சந்தேகமாக நின்றால், விலகி நின்று பொலிஸுக்குச் சொல்லுங்கள்.

அன்று டிரைவர் வந்து விளக்கியதும் அந்த ராத்தாவும் மகளும் திரும்பி வந்தார்கள். சத்தம் இடைவெளி விட்டு, மெல்ல மெல்ல நின்றது. “சூடு ஆறுது, அவ்வளவுதான் உம்மா” என்றாள் மகள்.

நம் மனதின் சூடு அவ்வளவு சீக்கிரம் ஆறுவதில்லை. சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறதா? தூக்கம் கெடுகிறதா? அது பைத்தியமுமல்ல, வெட்கப்பட வேண்டியதுமல்ல. அரசாங்க வைத்தியசாலையில் மனநல வைத்தியரைக் காணலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்குப் பேசலாம். பக்கத்து வீட்டுப் பெண் பயந்து ஓடினால், சிரிக்காமல் அவள் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.