வலையமைப்புக்குள் அழையா விருந்தாளி

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலுக்கு ஏழு திருச்சுற்றுகள் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். வெளிச்சுற்றுகளில் வீதிகளும் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன. உள்ளே செல்லச் செல்ல வாயிலுக்கு வாயில் கட்டுப்பாடு கூடும். சித்திரை வீதியில் எவரும் தடையின்றி நடக்கலாம். அதனாலேயே அவர் கருவறைக்குள் நுழைந்துவிட முடியாது. ஓர் அலுவலகத்தின் கணிப்பொறி வலையமைப்பும் இப்படித்தான் அமைய வேண்டும். அமையாவிட்டால் என்ன நேரும்?

அமெரிக்காவின் நாசாவைச் சேர்ந்த ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் நடந்ததைப் பாருங்கள். அங்கே அனுமதி பெறாத ‘ராஸ்பெரி பை’ ஒன்று வலையமைப்பில் இணைக்கப்பட்டிருந்தது. அது உள்ளங்கையில் அடங்கும் மலிவான சிறு கணிப்பொறி. அதன் வழியாக நுழைந்த திருடர்கள் சுமார் 500 மெகாபைட் தகவல்களைக் கவர்ந்து சென்றனர். 2018 ஏப்ரலில் இந்த ஊடுருவல் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்குமுன் ஏறத்தாழ பத்து மாதங்கள் அது எவர் கண்ணிலும் படவில்லை! எந்தெந்தக் கருவிகள் இணைந்துள்ளன என்ற பட்டியல் முழுமையாக இல்லாததும், உட்சுவர்கள் போதாததும் முக்கியக் குறைகள் என்று 2019இல் வெளியான தணிக்கை அறிக்கை கூறியது.

அப்படியானால் அழையா விருந்தாளியை எவ்வாறு கண்டுபிடிப்பது?

திருச்சி தில்லைநகரில் 100 கணிப்பொறிகள் கொண்ட ஓர் அலுவலகம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு கணிப்பொறியிலிருந்தும் வரும் கம்பி ‘ஸ்விட்ச்’ என்னும் பெட்டியின் ஒரு துளையில் செருகப்பட்டிருக்கும். வலையமைப்பில் சேரும் ஒவ்வொரு கருவிக்கும் ‘மேக் முகவரி’ என்ற அடையாள எண் உண்டு. அது 48 பிட் நீளமுள்ளது. ஆகவே ஏறத்தாழ 2.8 கோடி கோடி வெவ்வேறு எண்கள் கிடைக்கும். பொதுவாக அதன் முதல் பாதி, தயாரித்த நிறுவனத்தைக் குறிக்கும்.

எந்தத் துளையிலிருந்து எந்த எண் பேசுகிறது என்பதை ஸ்விட்ச் தானாகவே குறித்து வைத்துக்கொள்ளும். இந்தக் குறிப்பை அலுவலகத்தின் பதிவேட்டோடு ஒப்பிட வேண்டும். பதிவேட்டில் 100 எண்கள். ஸ்விட்சில் 101 எண்கள். கூடுதலான ஒன்று எந்தத் துளையில் இருக்கிறது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

ஊழியர் ஒருவர் வசதிக்காக வீட்டிலிருந்து ஒரு வைஃபை பெட்டியைக் கொண்டுவந்து சுவரில் செருகினால் ஆபத்து இன்னும் அதிகம். வானொலி அலைகளுக்குச் சுவர் பெரிய தடையில்லை. தெருமுனைத் தேநீர்க் கடையிலிருந்தும் ஒருவர் அந்த வலையமைப்பில் சேர முயலலாம். எனவே பெரிய நிறுவனங்களில் அந்நிய வைஃபை அலைகளைக் கேட்டறியும் உணர்விகளையும் பொருத்துகிறார்கள்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. மேக் முகவரியை மென்பொருளால் மாற்றிக்கொள்ள முடியும். அடுத்தவர் பெயர் எழுதிய அட்டையை மாட்டிக்கொண்டு வருவதைப் போன்றது இது. ஆகவே எண்ணை மட்டும் நம்பக் கூடாது.

இதற்காகவே 2001இல் ‘802.1எக்ஸ்’ என்ற நெறிமுறை வெளியிடப்பட்டது. இதன்படி ஸ்விட்சின் துளை முதலில் மூடியே இருக்கும். புதிய கருவி தன் கடவுச்சொல்லையோ மின்னணுச் சான்றிதழையோ காட்ட வேண்டும். ஸ்விட்ச் அதைத் தனியான சரிபார்ப்புக் கணிப்பொறிக்கு அனுப்பும். ‘சரி’ என்று பதில் வந்தால்தான் துளை திறக்கும். இல்லையேல் கருவி வெளியிலேயே நிற்கும். அல்லது விருந்தினருக்கான தனிப் பகுதிக்கு அனுப்பப்படும்.

அனுமதி பெற்ற கருவியிலும் தீய நிரல் தொற்றலாம். அப்போது காப்பவை உட்சுவர்களே. நம் கூடங்குளம் அணுமின் நிலையமே இதற்குச் சான்று. 2019 செப்டம்பர் 4 அன்று, நாட்டின் கணிப்பொறிப் பாதுகாப்பைக் கவனிக்கும் ‘செர்ட்-இன்’ அமைப்பு இந்திய அணுமின் கழகத்துக்கு ஓர் எச்சரிக்கை அனுப்பியது. கழகத்தின் ஒரு கணிப்பொறியில் தீய நிரல் இருந்ததை, அக்டோபர் 30 அன்று கழகமே ஒப்புக்கொண்டது. அந்தக் கணிப்பொறி, நிர்வாகப் பணிகளுக்கான, இணையத்தோடு தொடர்புள்ள வலையமைப்பில் இருந்தது. முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயந்திர அமைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று கழகம் தெரிவித்தது. பிரிவினை இல்லாதிருந்தால்? எண்ணிப் பாருங்கள்.

உங்கள் வீட்டில் வைஃபை இருந்தால் ஒரு சிறு சோதனை செய்யலாம். பெரியவர் ஒருவரின் துணையோடு ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து, இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைப் பாருங்கள். ஒவ்வொன்றும் யாருடையது என்று எழுதுங்கள். ஒரு குறிப்பு: இன்றைய கைபேசிகள் பல, தனிமறைவுக்காகத் தற்போக்கான மேக் முகவரியைப் பயன்படுத்துகின்றன. பெயர் தெரியாத கருவி ஒன்று எஞ்சினால் முதலில் கைபேசிகளைச் சரிபாருங்கள். அதன் பிறகும் விடை கிடைக்கவில்லையா? கடவுச்சொல்லை மாற்றிவிடுங்கள். உரிமையுள்ளவர் புதிய சொல்லைக் கேட்டு வருவார், மற்றவர் வரமாட்டார்.